அறுபது சதவீத அப்பா

ஜூன் 2

அன்புள்ள எக்கோக்காவுக்கு,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை ஆறு மணி முதல் நம் வீட்டில் காய்கறி தடை செய்யப்பட்டுள்ளது. முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட் மற்றும் அவற்றின் உற்றார் உறவினர் யாரும் சமையலறைக்குள் காலடி எடுத்து வைக்கக் கூடாது. மீறினால் அம்மாவே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவாள். இது என் உத்தரவு இல்லை. அப்பாவுடைய இதயத்தின் உத்தரவு.

பயப்படாதே. முழுதாகப் படி.

போன வாரம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஊரில் எல்லாரும் லிஃப்டில் போக, லிஃப்ட் மெக்கானிக் மட்டும் படியில் போக வேண்டும் என்று அப்பா அலுத்துக்கொள்வாரே, அதே கதைதான். ஏறிப் போனவர் ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கம்பெனி டாக்டர் இதயத்தை எக்கோ படம் எடுக்கச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு லீவில் போய்விட்டார், இருபத்தைந்தாம் தேதிதான் வருவாராம். எக்கோ எடுத்த இடத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் இல்லாத ஊரில் அப்பா அதை யாரிடம் காட்டுவார்? என்னிடம்தான்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு பேக்கரிக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா அவரிடம், "இவன் இங்கிலீஷ் பேப்பரைத் தலைகீழா பிடிச்சாக்கூட படிப்பான், பாருங்க" என்றார். பார்த்தார். நாற்காலியில் ஏறி நிற்காத குறைதான், செய்தி வாசிப்பவர் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். இதயம் அறுபது சதவீதம் வேலை செய்கிறது. 'நோ வெஜிடேஷன்', அதாவது காய்கறி வேண்டாம். அம்மா கையிலிருந்த பீன்ஸைக் கீழே வைத்துவிட்டாள். பேக்கரிக்காரர், "பையன் டாக்டருக்கே போகலாம்" என்றார்.

இதயம் என்பதே 'இது ஐயம்' என்று உடைத்துப் படிக்க வேண்டிய சொல். அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவன் அடியேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு. உனக்குப் பரீட்சையாம். ஆனால் ஊரார் இதயத்தை எல்லாம் படம் பிடிக்கிற நீ சொந்த அப்பா இதயத்தைப் பற்றி அறியாமல் இருப்பது நன்றாக இல்லையே. உங்கள் ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லி என் மேலுள்ள போன் தடையை நீக்கவும். என் குரல் கேட்டதும் ரிசீவரை வைக்கிறார். எனக்குத் தபால்தலை ஒட்டி ஒட்டி நாக்கு வறண்டுவிட்டது.

இப்படிக்கு,
குடும்பத்தின் ஒரே மொழிபெயர்ப்பாளர்


ஜூன் 5

வாலுக்கு,

தடை நீங்காது. போன மாதம் எங்கள் பெரிய டாக்டர் குரலில் எக்கோ ரூமுக்குப் போன் பண்ணி, "பேஷண்ட்டுக்கெல்லாம் குளிருதாம், நெஞ்சுல தடவுற ஜெல்லைச் சூடு பண்ணி வை" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. பதினாறு பாட்டிலை வெந்நீரில் போட்டுவிட்டு நின்றேன். நிஜ டாக்டர் உள்ளே வந்து, "என்னம்மா, சூப் வைக்கிறியா?" என்று கேட்டார். இன்று வரைக்கும் இங்கே என் பெயர் சூப்.

ஆகவே உன் கடிதத்தை நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணினேன். அப்பா, "இங்க நல்ல மழை" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா, "சாப்பிட்டியா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்பாவுக்கு என்ன என்றால், "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார்" என்கிறாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

நிஜமாகவே எக்கோ எடுத்திருந்தால் தாளில் உள்ளதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு. உன் சொந்தச் சரக்கு சேர்க்காதே. எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுது. அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும் எழுது. அதை மட்டுமாவது விளையாடாமல் எழுது.

அக்கா


ஜூன் 8

சூப் அவர்கள் சமூகத்துக்கு,

அப்பா குளிக்கப் போன சமயத்தில் அவருடைய டூல் பையிலிருந்து தாளை எடுத்து நகல் எடுத்தேன். பக்கத்தில் உள்ள விளக்கவுரை மட்டும் என்னுடையது. நீ கேட்கவில்லைதான். இலவசம் என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

'எல்.வி. ஈ.எஃப். அறுபது சதவீதம்.' எல்.வி. யாரென்று தெரியவில்லை, ஆனால் அறுபது வாங்கியிருக்கிறார்.

'டிரிவியல் எம்.ஆர்.' அகராதியில் டிரிவியல் என்றால் அற்பமான என்று போட்டிருக்கிறது. எம்.ஆர். என்றால் மிஸ்டர். ஒரு பேஷண்ட்டை இப்படியா மரியாதை இல்லாமல் எழுதுவது?

'கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்.' ஏதோ ஃபங்ஷன். முதல் தரமான ஃபங்ஷன் என்பதால் நல்ல செய்தியில் சேர்த்தேன்.

'நோ கிளாட்.' துணி கூடாது. எக்கோவுக்குச் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள் இல்லையா, அது.

'நோ வெஜிடேஷன்.' இதுதான் ஏற்கெனவே அமலுக்கு வந்துவிட்டது. ஏழு நாளாக முட்டையும் ரொட்டியும் சோறும்தான்.

கடைசியில் பேனாவால் கிறுக்கிய ஒரு வரி இருக்கிறது. அதில் முக்கியமாக ஒன்றும் இல்லை.

இனி நீ கேட்ட விளையாடாத பகுதி.

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் படியேறுவதில்லை. நம் வீட்டு மாடிக்குக்கூட ஏறுவதில்லை, துணி காயப் போட என்னை அனுப்புகிறார். வேலைக்குப் போனால் கீழே நின்றுகொண்டு ஹெல்ப்பரை மேலே அனுப்புகிறார். நேற்று சாப்பிடும்போது, "நாற்பது போயிடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்மா, "எது?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

நான், "அறுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்பா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பரீட்சைக்கு அது சரிடா. ஒரு லிஃப்ட் நூத்துக்கு அறுபதுதான் வேலை செய்யுதுன்னா நான் என்ன பண்ணுவேன்? போர்டு மாட்டிப் பூட்டிட்டு வந்துடுவேன்."

நான் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். பேச்சை விட்டுவிட்டு நான் சாப்பாட்டில் இறங்கியது இதுவே முதல் தடவை, தேதி போட்டு வைத்துக்கொள்.

கம்பெனியில் ஸ்டோர் ரூம் வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். அலமாரியிலிருந்து போல்ட்டும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கு மாற்றல் கேட்டுப் படிவம் வாங்கி வந்திருக்கிறார். பதினெட்டாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் திரும்ப லிஃப்டுக்கு வர முடியாது. "நான் மேல மயங்கி விழுந்தா என்னோட போச்சா? கீழ நிக்கிற பையன் தலையில இல்ல விழுவேன்" என்கிறார். இருபத்திரண்டு வருஷம் மேலே போனவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறார்.

அறுபது என்பது கெட்டதா? சும்மா கேட்டு வைக்கிறேன்.

உரையாசிரியர்


ஜூன் 11

தம்பி,

நேற்று உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்துவிட்டு எங்கள் பெரிய டாக்டரிடமும் காட்டினேன். உன் உரையைப் படித்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி.

அறுபது கெட்டது இல்லை. அது மார்க்கும் இல்லை. எல்.வி. என்கிற இதயத்தின் இடது கீழறை ரத்தத்தால் நிறைகிறது. பிறகு சுருங்கி அதை வெளியே தள்ளுகிறது. நிறைந்ததில் எத்தனை பங்கை ஒரு தடவையில் தள்ளுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயம் ஐம்பத்தைந்திலிருந்து எழுபது வரைக்கும் தள்ளும். மிச்சம் உள்ளேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், லிஃப்டில் பத்துப் பேர் ஏறுகிறார்கள், ஒரு மாடியில் ஆறு பேர் இறங்குகிறார்கள், நாலு பேர் உள்ளேயே நிற்கிறார்கள். அதனால் லிஃப்ட் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஒரே மாடியில் பத்துப் பேரும் இறங்குகிற இதயத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. தினம் இருபது இதயம் பார்க்கிறேன்.

எம்.ஆர். மிஸ்டர் இல்லை. வால்வு மூடும்போது கொஞ்சம் ரத்தம் பின்னால் கசிவது. அற்பமான கசிவு என்றால் குழாயை இறுக்கி மூடிய பிறகும் நிற்கிற ஒரு சொட்டு மாதிரி. எத்தனையோ பேருக்கு இருக்கும். கிளாட் துணி இல்லை, ரத்தக் கட்டி. அது இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கிரேடு ஒன் என்று வருவதுதான் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டியது. இதயம் சுருங்கிய பிறகு தளர்வதில் லேசான தாமதம். இந்த வயதில், ரத்த அழுத்தம் இருந்தால், அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் ஐந்தாவது மாடியில் ஏன் மூச்சு வாங்கியது என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் படம் எடுப்பவள், டாக்டர் இல்லை. அதுவரைக்கும் மறுபடி மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ லீவில் போனவருக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு டாக்டரிடம் உடனே போக வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லி வை. மற்றபடி டாக்டரைப் பார்க்கும் முன்னால் அப்பா எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

கடைசியாக வெஜிடேஷன். வால்வில் கிருமி ஒட்டி வளர்கிற கட்டிக்கு அப்படி ஒரு பெயர். காய்கறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது உனக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து முட்டைக்கோஸைத் தட்டுக்கு அடியில் ஒளிக்கிறவன் நீ. சமயம் பார்த்து அடித்திருக்கிறாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டியது, அதை விட்டுவிட்டு அப்பாவின் பயத்தை வைத்து விளையாடியிருக்கிறாய். ஜெல்லை விட்டுத்தள்ளு, அது என்னோடு போகட்டும். இது அப்படி இல்லை.

நேற்றே போன் பண்ணி அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ இந்த வேலையில இருக்க, நான் பயந்துடுவேன்னு தேன் தடவிச் சொல்லுற. அவன் சின்னப் பையன், இருக்கறத இருக்கறபடி படிச்சிட்டான்." இதற்கு மேல் நான் என்ன சொல்ல? உன்னைத்தான் நம்புகிறார். ஆகவே நீதான் போய்ச் சொல்ல வேண்டும். தப்பாகப் படித்தேன் என்று, உன் வாயால்.

அந்தக் கடைசி வரியில் என்ன இருக்கிறது? முடிவு என்று ஒன்றை எக்கோ பார்க்கிற டாக்டர் அங்கேதான் எழுதுவார். எல்லாவற்றையும் விட முக்கியம் அதுதான். அதையா விட்டாய்?

அக்கா


ஜூன் 13

அக்கா,

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆம், வேண்டுமென்றேதான் செய்தேன். ஒரே வாக்கியத்தில் ஒரு குடும்பத்தின் சமையலையே மாற்றியவன் இந்தத் தெருவில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? மருத்துவமும் மொழியும் தெரிந்த மூளை வேண்டும் இதற்கு. பாராட்ட மனம் இல்லாவிட்டால் போகட்டும்.

வால்வு சரியாக இருந்தால் வாழ்வு சரியாக இருக்கும் என்று அப்பாவிடம் சிலேடையாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. கம்பெனி டாக்டர் குரலில், தெருமுனைக் கடையிலிருந்து போன் பண்ணி, "உங்க ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு, கையெழுத்து எதுவும் போடாதீங்க" என்றேன்.

"தொண்டை கட்டியிருக்கா டாக்டர்? வெந்நீர் குடிங்க. அப்படியே வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

வாங்கிக்கொண்டு போனேன்.

நேராகச் சொல்வதற்கு இன்னும் சமயம் அமையவில்லை. அவர் படிவத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். கடைசி வரி ஒரு மண்புழு மழையில் நடந்து போன மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி இப்போது என்ன அவசரம்?

தம்பி


ஜூன் 15

நீ இன்னும் சொல்லவில்லை. அதைத் தவிர உன் கடிதத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி மாலை நான் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால் அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமைப் பரீட்சை போனால் போகட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன். அவரை அலமாரிக்கு அனுப்பியது என் தம்பியின் வேடிக்கை என்று தெரிந்துகொண்டே நான் இங்கே உட்கார்ந்து யாருடைய இதயத்தையும் பார்க்க முடியாது.

இனி எனக்கு வேடிக்கைக் கடிதம் எழுதாதே. நடந்ததை எழுத முடிந்தால் எழுது.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நேற்று நீ போன் பண்ணியபோது அப்பா, "கையெழுத்துப் போடலம்மா, நீ படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எப்படி என்று நீ கேட்டிருப்பாய். நான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நான் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கே போய், அப்பாவையும் ஹெல்ப்பரையும் வாட்ச்மேனையும் முன்னால் நிறுத்தி, இதயத்தைப் பற்றிக் கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். பத்துப் பேர் ஏறி ஆறு பேர் இறங்கும் உவமையைக் கேட்டு வாட்ச்மேன் கைதட்டினார். அப்பா படிவத்தை மடித்து உள்ளே வைத்தார். ஒரு மனிதனின் வேலையை நாவன்மையால் மீட்டவன் என்று...

மேலே எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் நடந்தது அது இல்லை.

போனது நிஜம். அப்பா ஹெல்ப்பரிடம் தன் ஸ்பேனர் செட்டைக் கொடுத்து, எது எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அப்படியே ஆபீஸுக்குப் போய்ப் படிவத்தைக் கொடுப்பதாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "ஸ்கூல் இல்லையா?" என்றார். நான் பத்துப் பேர் கதையைச் சொன்னேன். பாதியில் எண்ணிக்கை தப்பி, ஏறியது ஆறு, இறங்கியது பத்து என்று சொல்லிவிட்டேன். ஹெல்ப்பர் அண்ணன், "மிச்ச நாலு பேர் எங்கிருந்துடா வந்தாங்க?" என்றார். வாட்ச்மேன் கைதட்டவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "உங்கக்கா இதையேதான் சொன்னா. அப்ப நீ முதல்ல ஏன் வேற மாதிரி படிச்ச?" என்றார்.

குறும்புக்குச் செய்தேன் என்று சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் ஒரு கத்தாவது கத்தியிருப்பார், கதை முடிந்திருக்கும். வாயில் வந்தது வேறு.

"தெரியலப்பா."

"என்ன தெரியல?"

"எதுவுமே. எல்லாம் நானா சொன்னது."

அவர் சட்டைப் பையிலிருந்து எக்கோ தாளை எடுத்தார். "கடைசி வரியைப் படிக்கவே இல்லையே நீ. அன்னிக்கே பார்த்தேன். அதுலதான் பெருசா ஏதோ இருக்கு, பையன் மறைக்கிறான்னு நினைச்சேன்."

யோசித்துப் பார். நான் படித்துச் சொன்னதை விட, நான் விட்டுவிட்ட வரிதான் அவரைப் பதினேழு நாள் பயமுறுத்தியிருக்கிறது.

"எழுத்துப் புரியலப்பா, அதான் விட்டுட்டேன்" என்றேன்.

தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அப்புறம் என்னை முதல் மாடிக்கு வரச் சொன்னார். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். லிஃப்டைக் கொஞ்சம் கீழே இறக்கி நிறுத்தியிருந்ததால் கதவைத் திறந்ததும் அதன் கூரை எங்கள் காலடியில் இருந்தது. கூரை மேல் கிரீஸ் அப்பிய ஒரு பெட்டி, அதில் ஒரு ஸ்விட்ச். ரிப்பேர் பார்க்கும்போது ஒரு பக்கம் திருப்புவார்களாம், வேலை முடிந்து ஜனங்களை ஏற்றும்போது மறுபக்கம். அந்த மறுபக்கத்தில் எழுத்துகள் பாதி உரிந்து, முதல் எழுத்து இரண்டு குச்சியாகவும் மற்றது நெளிநெளியாகவும் இருந்தன. அப்பா தாளை அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது நார்மல்டா" என்றார். "வேலை முடிஞ்சா இந்தப் பக்கம் திருப்பிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இந்த வார்த்தையைக் கண்ணை மூடிக்கிட்டுக்கூடத் தெரியும் எனக்கு."

மண்புழு வரியின் முதல் வார்த்தை அதுதான். அதற்கு அப்புறம் எல்.வி. என்று இருந்ததை நான் படித்தேன். மற்றதை ஹெல்ப்பர் அண்ணனும் நானும் எழுத்துக் கூட்டி ஃபங்ஷன், அதாவது இதயத்தின் வேலை, என்று கண்டுபிடித்தோம். அப்பா தாளை மடித்தார். படிவத்தையும் எடுத்துப் பார்த்தார். ஆபீஸுக்குப் போய், டாக்டரைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். ஒரு வாரம் பொறுக்கிறேன் என்றாராம். இருபத்தைந்தாம் தேதி நானும் டாக்டரிடம் கூடப் போகிறேன். மூச்சு ஏன் வாங்கியது என்று கேட்க வேண்டிய கேள்விகளை நீ எழுதி அனுப்பு. புரிகிற மாதிரி எழுது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னைத் திட்டவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று மட்டும் சொன்னார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே செய்தேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். நான் எந்தத் திட்டமும் போடவில்லை. எனக்கு அவ்வளவு மூளை இல்லை. அன்றைக்கு அந்தத் தாளில் அப்பாவின் பெயரும் வயதும் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னை வால் என்று திட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். மக்கு என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. அதனால் வாய்க்கு வந்ததைச் சத்தமாகப் படித்தேன்.

சத்தமாகப் படித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெதுவாகப் படித்திருந்தால் என் குரல் நடுங்குவது அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

தம்பி